வாடைக்கு முதுகு, வெயிலுக்கு முகம்

கேதீஸ்வரியின் மூக்கில் பந்து பட்டு இரத்தம் வந்த பின்னேரம்தான் எங்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று முடிவானது. அடித்தவள் நான். வேண்டுமென்று அடிக்கவில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று இருட்டில் எனக்கும் தெரியவில்லை, பந்து எங்கேயிருந்து வருகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மணலில் குந்திவிட்டாள்.

"சுவர்ணாக்கா, நான் இனி இருட்டுக்குள்ளை விளையாட வரமாட்டன். மனுசன் வந்து மூக்குக்கு என்ன நடந்ததெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"பந்து பட்டதெண்டு சொல்லன்."

"பந்தோ? இந்த வயதிலை உனக்கென்ன பந்தெண்டு கேப்பார்."

கேட்பார்தான். அடுத்த வீட்டுக்காரி என்பதால் அந்தக் குரல் எனக்கும் கேட்கும்.

வல்வெட்டித்துறையில் எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு வெறுங்காணி. சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, "விளையாடுங்கோ, ஆனால் ஒருத்தரும் வீடு கட்டிப்போடாதேங்கோ" என்றார். பழைய மீன்வலையை மடித்து இரண்டு தடிகளுக்கு நடுவில் கட்டினோம். கரப்பந்துக்கு அது போதும்.

பகலில் விளையாடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுப் பகல் தெரியாது. விடிய வள்ளம் வரும். மீனைத் தரம் பிரித்துக் கொடுத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக நிற்பார்கள். பிறகு சமையல், தோய்ச்சல், வெயில் இருந்தால் கருவாடு. பின்னேரம் இவருக்குச் சோறு கட்டிக் கடலுக்கு அனுப்பி, பிள்ளைகளை ரியூசனால் கூட்டிக்கொண்டு வந்து, விளக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தால்தான் எனக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கும். மார்கழியில் அந்த நேரம் கண் தெரியாத இருட்டு.

இவர் என்று நான் சொல்வது என் கணவர் பிரகலாதனை. கடல்தொழில் செய்கிறவர். கோபம் வராத மனிதர். வருகிற கோபம் முழுவதும் எனக்கே வந்துவிடுவதால் அவருக்கு மிச்சம் இல்லை என்று என் தாயார் சொல்வார்.

பொங்கலுக்கு எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் போட்டிகள் வைக்கும். அதில் கலியாணம் கட்டிய பெண்களுக்கென்று இருப்பவை சங்கீதக் கதிரையும் தேசிக்காய்க் கரண்டி ஓட்டமும். கரண்டியை வாயில் கடித்துக்கொண்டு, அதில் தேசிக்காயை வைத்துக்கொண்டு, விழுந்துவிடுமோ என்று கோழி நடை நடப்பதற்குப் பெயர் ஓட்டம். வருடா வருடம் நடந்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த முறை கழகச் செயலாளர் ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அண்ணை, எங்களுக்குக் கரப்பந்து வையுங்கோ."

"கலியாணம் கட்டின பொம்பிளையளுக்கோ?"

"ஏன், கலியாணம் கட்டினால் கை கழண்டு விழுந்திடுமோ?"

அவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பருத்தித்துறையில் எங்களைப் போல ஒரு பெண்கள் குழு இருக்கிறது, அவர்களுக்கும் இருட்டிய பிறகுதான் நேரம், வான் பிடித்து வருவார்கள் என்றார். கழக மைதானத்தில் தைப்பொங்கலுக்கு மறுநாள், பட்டிப் பொங்கல் அன்று பின்னேரம் ஆண்களின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. அதனால் மைதானம் தர முடியாது.

"உங்கடை காணியிலை வையுங்கோ. நானே வந்து விசில் ஊதிறன், நோட்டீசிலையும் போடுறன். ஆனால் வடிவான வெளிச்சம் இருக்கோணும். வெளியூர்ப் பிள்ளையளைக் கூப்பிட்டு இருட்டிலை நிப்பாட்ட ஏலாது. லைற் இல்லையெண்டால் முந்தினமாதிரித் தேசிக்காய் ஓட்டம்தான், சொல்லிப்போட்டன்."

எனக்கு விளையாட வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் வலையடியில் நின்று அடிக்கிறவள் நான்தான். கலியாணத்துக்குப் பிறகு பந்தைத் தொட்டதில்லை, யாரும் வேண்டாம் என்று சொன்னதுமில்லை, வா என்று கூப்பிட்டதுமில்லை. இந்த மார்கழியில் முதல் தடவையாகத் துள்ளி ஒரு பந்தை அடித்தபோது உள்ளங்கை எரிந்தது. அந்த எரிச்சலில் எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவ்வளவு ஆசை எனக்குள் கிடந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

இவரிடம் அதை ஆசையாகச் சொல்லத் தெரியவில்லை. சண்டையாகத்தான் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, எனக்கு அந்தக் காணிக்கு லைற் வேணும்."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கெண்டு கேட்டால் இரவைக்குச் சோறு கட்டமாட்டன்."

அவர் சிரித்தார். வீட்டிலிருந்து வயர் இழுக்கலாமே என்று நான் சொன்னதற்கு, ஊர் நடக்கிற ஒழுங்கைக்குக் குறுக்காலே மழைக்காலத்தில் மின்சாரம் இழுக்கிற விசர் வேலையைத் தான் செய்யமாட்டேன் என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "சோலார் போடுவம். வள்ளத்திலை பற்றறியிலைதானே எல்லாம் எரியுது. உதென்ன பெரிய வேலையே" என்றார்.

யாழ்ப்பாணம் போய்ப் பனலை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பக்கத்து இருக்கையில் இருந்த மனுசி அதில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாராம். வெயிலை வாங்குகிற பனல், அதைச் சேர்த்து வைக்கிற பற்றறி, இரண்டுக்கும் நடுவில் நின்று அளந்து விடுகிற சின்னப் பெட்டி ஒன்று, நாலு எல்.ஈ.டி. விளக்குகள். சின்னப் பெட்டிக்குப் பெயர் கொன்ட்ரோலர். பற்றறிக்கு முதலில் வயரைப் பூட்ட வேண்டும், பனலுக்குப் பிறகுதான், மாறிப் பூட்டினால் பெட்டி பழுதாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை இவர் பஸ்ஸில் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

வேலை நடந்த நாள் மழை இருட்டு. வானம் முழுவதும் சாம்பல், சூரியன் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. உயரமான சவுக்குத் தடிகளை நட்டு விளக்குகளைக் கட்டினோம். பற்றறியையும் கொன்ட்ரோலரையும் மீன்பெட்டிக்குள் வைத்து, மேலே பொலித்தீன் போட்டு மூடினோம். வயர்களுக்கு மழைத்தண்ணீர் வழியாமல் இவர் வளைத்து வளைத்து விட்ட அழகைப் பார்க்க வேண்டும். பனல் மட்டும் மிச்சம் இருந்தது.

கைத்தொலைபேசியில் ஒரு யூரியூப் வீடியோ ஓடியது. இந்தியாவில் யாரோ ஒருவர், பனலைத் தெற்குப் பார்த்துச் சரித்து வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் அதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். எங்களுக்குக் கடல் வடக்கே. வாடைக்காற்று அங்கேயிருந்துதான் வரும், மார்கழி தையில் அது ஒரு நாளும் சும்மா இருக்காது.

"தெற்கைப் பாத்து வைச்சால் வாடைக்கு முதுகைக் காட்டும். காத்து கீழாலை பூந்து பாய் மாதிரித் தூக்கிக்கொண்டு போயிடும். உந்த மனுசன்ரை ஊரிலை வாடை அடிக்குமோ?"

"அடிக்காதாக்கும்" என்றேன் நான்.

"அப்ப வடக்கைப் பாத்து வைப்பம். காத்து முகத்திலை அடிச்சால் தடியோடை சேத்து அமத்தும். எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு இறுக்கம்."

ஏணியைச் சுவரில் சாத்துகிற மாதிரி நிமிர்த்தித் தடியில் சாய்த்து, கடலைப் பார்க்க வைத்துக் கட்டினார். எனக்கும் அது மிகச் சரியாகவே பட்டது. கேதீஸ்வரி, "வடிவாக் கடலைப் பாத்துக்கொண்டு நிக்குது" என்றாள். கடற்கரைச் சனத்துக்கு எதை நிறுத்தினாலும் முதலில் காற்றுத்தான் நினைவுக்கு வரும். வெயிலை வாங்க வைக்கிற சாமானுக்கு வெயிலைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

முதல் பின்னேரம் என்ன வெளிச்சம்! மணலில் கிடந்த சிப்பி தெரிந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது. எங்களில் மூத்தவரான பத்மாசினி அக்கா, பந்தைத் தலைக்கு மேலே எறிந்து அது இறங்கி வருவதைப் பார்த்து, "அட, இவ்வளவு நாளும் இது உருண்டையா இருந்ததெண்டே எனக்குத் தெரியாது" என்றார். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனமில்லை.

அடுத்த நாள் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் ஆட்டம் முடிவதற்குள் மங்கியது. நாலாம் பின்னேரம் நான் பந்தை அடிக்கத் துள்ளினபோது வெளிச்சம் இருந்தது, கால் நிலத்தில் பட்டபோது இல்லை. பந்து எங்கே போனதென்று தேடிப் பிடிக்கவே நெடுநேரம் பிடித்தது. முதல் நாள் எரிந்தது வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பற்றறியின் பலம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இவர் பற்றறியைக் குற்றம் சொன்னார். வள்ளத்துப் பற்றறியைக் கொண்டுவந்து மாற்றினார், அதுவும் இறங்கியது. வயர் முனைகளைச் சுரண்டினார். விளக்கைக் கழற்றிப் பூட்டினார். கடைசியில் கடைக்காரரைத் திட்டினார். அவர் வாயால் நான் கேட்ட முதல் திட்டு அது, அதுவும் "சரியில்லாத மனுசன்" என்ற அளவில்தான். மழை இருட்டு அப்படியே தொடர்ந்தது, வெயில் இல்லாவிட்டால் பாவம் சோலார் என்ன செய்யும் என்று நாங்களும் ஆறுதல் சொன்னோம்.

பிறகு ஒரு நாள் வானம் பளிச்சென்று வெளித்தது. மத்தியானம் கருவாடு காயப்போடச் சாக்கை எடுத்துக்கொண்டு காணிப் பக்கம் போனேன். பனலைப் பார்த்தேன். அதன் முகம் நிழலில் இருந்தது. சுற்றி முதுகுப் பக்கம் போனேன். வெயில் முழுவதும் முதுகில். தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியாத சூடு. முன்னால் வந்து கண்ணாடியைத் தொட்டேன், முதுகுச் சூட்டுக்குப் பாதியும் இல்லை. மார்கழிச் சூரியன் தெற்கே சரிந்துதான் போகும். அதனால்தான் இந்த மாதத்தில் வீட்டின் கடற்பக்கம் துணிகூடக் காயாது. இதெல்லாம் தெரிந்த நானும் "அடிக்காதாக்கும்" என்று தலையாட்டியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காகத்தைத் துரத்தினேன்.

வீட்டுக்கு ஓடிவந்து இவரை எழுப்பினேன்.

"எழும்புங்கோ. உங்கடை பனல் முதுகு காய்ஞ்சுகொண்டு நிக்குது."

வந்து பார்த்தார். முன்னாலும் போனார், பின்னாலும் போனார். ஒத்துக்கொண்டார். ஆனால் திருப்பச் சம்மதிக்கவில்லை.

"வெயில் சரி, ஓம். ஆனால் திருப்பினால் காத்துத் தூக்கும், சுவர்ணா. எனக்குத் தெரியும்."

"திருப்பாட்டில் லைற் எரியாது. எனக்கும் தெரியும்."

"யோசிச்சுச் செய்வம். அவசரப்படாதை."

பொங்கல் வாசலில் வந்து நிற்கிறது, இந்த மனிதர் அவசரப்படாதே என்கிறார். அவர் அன்று கடலுக்குப் போன கையோடு கேதீஸ்வரியையும் பத்மாசினி அக்காவையும் கூட்டிக்கொண்டு காணிக்குப் போனேன். இவர் போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பது லேசான வேலை இல்லை. நல்ல கயிறை வெட்டினால் பாவம். முள்ளுக்கரண்டியால் குத்தி இழுத்து, பல்லால் கடித்து, ஒருவழியாக அவிழ்த்தோம். பனலைத் தெற்கே திருப்பி, எங்களுக்குத் தெரிந்த மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம்.

அடுத்த நாள் முழுவதும் நல்ல வெயில். கொன்ட்ரோலரில் இதுவரை சிவப்பாகவே நின்ற சின்ன வெளிச்சம் பச்சைக்கு மாறியது. பின்னேரம் விளக்குகள் முதல் நாள் போலவே எரிந்தன. இவர் கடலுக்குப் போகும்போது திரும்பிக் கிடந்த பனலைப் பார்த்தார், எங்கள் முடிச்சையும் பார்த்தார்.

"உதென்ன, கொண்டை முடிச்சோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் வெற்றி வீராங்கனையாக நின்றேன்.

விடிய வாடை எழும்பியது. திருவெம்பாவைப் பாட்டு ஒலிபெருக்கியில் வருவதும் போவதுமாகக் கேட்டது, அவ்வளவு காற்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். தடி நின்றது, கொண்டை முடிச்சும் தடியில் நின்றது, பனல் மட்டும் இல்லை. காணியின் மற்றக் கரையில் வேலியடியில் மணலுக்குள் முகம் குப்புறக் கிடந்தது.

அதை நிமிர்த்திப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். வாயில் கரண்டியும் தேசிக்காயுமாக நடப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதுதான் கரைக்கு வந்த இவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சொன்னேன்தானே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நல்ல சண்டை ஒன்று பிடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. பனலை மெல்லப் புரட்டினார். சட்டத்தின் ஒரு மூலை நெளிந்திருந்தது. கண்ணாடி தப்பியிருந்தது. சாரத்தின் நுனியால் மணலைத் துடைத்தார்.

"உனக்குக் காயம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கென்ன காயம்? நானோ பறந்தனான்?" என்று கத்திவிட்டு அழுதேன்.

ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு மணம் பிடிக்கிற மூக்கு. அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்து இறங்கினார். நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது, பருத்தித்துறைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், லைற் இருக்கிறதா இல்லையா என்று ஒரு முடிவு சொல்லச் சொன்னார். நெளிந்த பனல் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. இவர் என்னைப் பார்த்தார்.

"லைற் இருக்கும், அண்ணை. போடுங்கோ நோட்டீசிலை" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உதுவோ எரியப் போகுது?"

"உதுதான்."

அவர் போனதும் இவர், "வாயைக் குடுத்திட்டாய்" என்றார்.

"நீங்கள் இருக்கிறீங்கள் எண்டுதான் குடுத்தனான்."

அதற்குப் பிறகு அந்தக் காணியை இருவரும் பனலும் கையுமாகச் சுற்றினோம். நான் வெயிலுள்ள இடத்தைக் காட்டுவேன், அவர் காற்று என்பார். அவர் ஒதுக்கான இடத்தைக் காட்டுவார், நான் நிழல் என்பேன். மதில் ஓரம், தென்னையடி, கோவில் மடத்துக் கூரை என்று ஒன்றும் சரிவரவில்லை. சாப்பிடாத வயிறு வேறு. களைத்துப்போய் எங்கள் பழைய வள்ளத்தடிக்கு வந்தோம். அடி ஓட்டையாகி ஓடாமல் போனதால் அதைக் கரையேற்றி, காணி ஓரத்தில் கவிழ்த்து விட்டிருந்தோம். அதன் தெற்குப் பக்கச் சரிவில் முதுகைச் சாய்த்து இருவரும் இருந்தோம்.

"அப்பாடா" என்றார் இவர். "இஞ்சை காத்தே இல்லை."

காற்று வள்ளத்தின் வளைவில் ஏறி எங்கள் தலைக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போனது. அதன் சத்தம் கேட்டது, ஒரு மயிர்கூட அசையவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு சரிந்திருந்தேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது.

"முகமெல்லாம் சுடுது" என்றேன்.

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினதில் தலையோடு தலை முட்டிக்கொண்டது.

நாங்கள் சாய்ந்திருந்த அந்தத் தெற்குச் சரிவிலேயே பனலைப் படுக்க வைத்தோம். அடியில் காற்று புகுகிற இடத்தையெல்லாம் பழைய வலையைச் சுருட்டி அடைத்தார், வெக்கை போகக் கொஞ்ச இடம் விட்டார். நெளிந்த மூலையைத் தட்டி நிமிர்த்தினார். கயிற்றை வள்ளத்தைச் சுற்றி எடுத்து அவர் இழுத்துக் கட்ட, நான் எதிர்ப்பக்கம் நின்று பிடித்துக் கொடுத்தேன். "இப்ப நீ ஒரு முடிச்சுப் போடு" என்றார். போட்டேன். அதை அவிழ்க்காமல், அதற்கு மேலே தன்னுடையதையும் போட்டார். வடக்கே வள்ளத்தின் முதுகு வாடையை வாங்கியது, தெற்கே பனலின் முகம் வெயிலை வாங்கியது. அன்று பின்னேரம் விளக்கு எரிந்தது. அடுத்தடுத்த நாளும் எரிந்தது. காற்று என்னென்னவோ செய்து பார்த்தது, பனல் அசையவில்லை.

தைப்பொங்கல் அன்று கடற்கரை முழுவதும் பட்டம். ஊரே அண்ணாந்து நின்றது. எனக்குக் கழுத்து வலித்ததே தவிர மனம் அங்கே இல்லை. மறுநாள் பட்டிப் பொங்கல். காற்று மோசமென்று வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. அதனால் பருத்தித்துறைப் பெண்களின் வான் வந்து நின்றபோது, எங்கள் காணியைச் சுற்றிப் பெண்களும் பிள்ளைகளும் மட்டுமல்ல, உதைபந்தாட்டம் முடிந்து வந்த, சாரம் கட்டிய ஆண்கள் எல்லாரும் நின்றார்கள். கேதீஸ்வரியின் கணவர் முன்னால் கதிரை போட்டு இருந்தார். அவள் அவரைப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விளக்குகளை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தார். "பறவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. விசில் ஊதினார்.

அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வது? பருத்தித்துறைக்காரிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. உயரமான ஒருத்தி அடித்த அடியில் பத்மாசினி அக்கா குந்திவிட்டார், குந்திக்கொண்டே பந்தை எடுத்தும் விட்டார். முதல் சுற்று அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு. கேதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியதில் கிடைத்த புள்ளிக்கு ஊரே எழும்பிக் குதித்தது. நான் துள்ளினேன், அடித்தேன், விழுந்தேன், எழும்பினேன். முழங்கால் தன் வயதைச் சொன்னது, நான் கேட்கவில்லை. கை பந்தில் படுகிற ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. சில முறை கத்தினேன்.

மூன்றாவது சுற்று இழுபறி. இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறியது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒரு இடைவெளியில் இவரைத் தேடினேன். கதிரைப் பக்கம் இல்லை. ஆண்களுக்குள் இல்லை. பிறகு கண்டேன். வெளிச்சம் முடிகிற இடத்தில், கவிழ்த்த வள்ளத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு, பனல் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஊர் முழுக்க என்னைப் பார்க்கிறது, கட்டின மனுசன் பனலைப் பார்க்கிறார். அந்தக் கோபத்தில் அடித்த பந்து வலையில் விழுந்தது.

தோற்றோம். மயிரிழையில்தான் தோற்றோம். அந்த உயரமானவள் வலைக்குக் கீழால் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். "அக்கா, என்ன அடி அடிக்கிறீங்கள், கை விண் விண்ணெண்டு வலிக்குது" என்றாள். எனக்கும் வலித்தது. தோற்ற கவலை எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தோம், சிரித்தோம், பொங்கலும் மோதகமும் கைமாறின. நான் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வள்ளத்தடிக்குப் போனேன்.

"என்ன செய்யிறீங்கள் இஞ்சை?"

திடுக்கிட்டு எழும்பினார். கயிற்றை விடவில்லை. "முடிஞ்சுதோ? ஆர் வெண்டது?"

"அவை."

"சரி, சரி. காத்து நல்லா அடிக்குது. அதுதான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"வெயில் போய் எவ்வளவு நேரம்? இப்ப பனல் பறந்து பருத்தித்துறைக்குப் போனாலும் லைற் எரியும். பற்றறிதானே எரிக்குது. உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்" என்றார். கீழே பார்த்தார். "உன்னைப் பாக்க ஏலாமல் கிடக்குது, சுவர்ணா. நீ மேலை எழும்பேக்கை எனக்கு நெஞ்சு அடிக்குது. விழுந்திடுவியோ, வலையிலை பட்டிடுமோ, நீ தோத்துப்போய் அழுவியோ எண்டு. எதையாவது இறுக்கிப் பிடிச்சால் கொஞ்சம் நல்லாயிருக்கு."

எந்த வாடைக்கும் பயப்படாமல் கடலில் கிடக்கிற மனிதர். நான் அடிக்கிற ஒரு பந்தைப் பார்க்கப் பயந்து வள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. நான் விளையாடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாட்களில் அவர் என்னைக் கண்டதில்லை, இந்த மார்கழி முழுவதும் நான் ஆடுகிற நேரம் அவர் கடலில். பார்க்கக் கிடைத்த ஒரே நாளையும் முதுகு காட்டியே கழித்திருக்கிறார்.

"நான் அழுதனானோ?"

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "இல்லை" என்றார், நம்ப முடியாதவர் போல.

பின்னாலிருந்து அந்த உயரமானவளின் குரல் வந்தது. "லைற் இன்னும் வடிவா எரியுதுதானே. இன்னொரு ஆட்டம் ஆடுவமோ? சும்மா, புள்ளி இல்லாமல்?"

பத்மாசினி அக்கா வாயில் மோதகத்தோடு "ஓம், ஓம்" என்றார். ஆழ்வாப்பிள்ளை அண்ணை சப்பாத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தவர், திரும்பப் போட்டுக்கொண்டார். கொன்ட்ரோலரில் பச்சை இன்னும் நின்றது.

நான் இவருடைய விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்து, கோட்டடியில், எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினேன். கேதீஸ்வரி விசிலடித்தாள். அடிக்கட்டும்.

"இதிலை நில்லுங்கோ. என்னைப் பாருங்கோ. பயமெண்டால் பயந்துகொண்டே பாருங்கோ."

"பிடிக்க ஒண்டும் இல்லையே" என்றார்.

என் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பந்தை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். என் செருப்பிரண்டையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இருந்த சந்தோசத்தில் பந்தை அளவுக்கு மீறி ஓங்கி அடித்துவிட்டேன். அது எல்லாரையும் தாண்டிக் கடல் பக்கம் போனது, அவர் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை.